சிறுநீரக வீக்கத்துக்குப் பொறுக்கச் சொல்கிறார்கள், இறங்காத விதைக்கு ஆபரேஷன் என்கிறார்கள்: ஏன்?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 7 மாத ஆண் குழந்தை. வயிற்றில் இருக்கும்போதே ஸ்கேனில் இடது சிறுநீரகம் வீங்கியிருப்பது தெரிந்திருக்கிறது. பிறந்த பிறகு பார்த்தால் வலது பக்க விதை பைக்குள் இறங்கவில்லை. குழந்தைகளுக்கான சிறுநீரக அறுவை சிகிச்சை நிபுணர், சிறுநீரகத்துக்கு “மூன்று மாதம் கழித்து மறுபடி ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம்” என்கிறார். விதைக்கு மட்டும் “ஒரு வயதை ஒட்டி ஆபரேஷன் செய்துவிடலாம்” என்கிறார். உயிருக்கு வேண்டிய உறுப்பைக் காக்க வைத்துவிட்டு, வலியே இல்லாத ஒன்றுக்கு ஏன் அவசரப்படுகிறார்கள், எதை வைத்துத்தான் இவர்கள் முடிவெடுக்கிறார்கள் என்று அந்தக் குழந்தையின் தாய் கேட்டிருக்கிறார்.

உங்கள் குழப்பம் நியாயமானது. ஆனால் உங்கள் மருத்துவர் சொன்ன இரண்டும் சரி, இரண்டுக்கும் பின்னால் இருக்கும் கணக்கும் ஒன்றேதான். குழந்தையின் உடம்பு இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. பிறக்கும்போது அரைகுறையாக நின்ற பல வேலைகளை அது பிறந்த பிறகு தானே முடித்துக்கொள்ளும். அதனால் எந்தப் பிரச்சினையைப் பார்த்தாலும் நிபுணர் முதலில் மூன்று விஷயங்களைத் தனக்குள் கேட்டுக்கொள்வார். இது தானாகச் சரியாகக்கூடியதா? ஆகும் என்றால் எந்த வயதுக்குள்? அந்த வயது தாண்டியும் விட்டுவைத்தால், திரும்பக் கிடைக்காத எதை இழப்போம்? சில கோளாறுகளுக்கு வருடக்கணக்கில் அவகாசம் உண்டு, சிலவற்றுக்கு மாதக்கணக்கு. ஒன்றே ஒன்றுக்கு மணிக்கணக்கு. அதையும் சொல்கிறேன்.

முதலில் சிறுநீரகம். கருவில் இருக்கும் குழந்தை ஓயாமல் சிறுநீர் கழிக்கிறது. கர்ப்பத்தின் பிற்பாதியில் பனிக்குட நீரில் பெரும்பகுதி அதுதான். அந்த ஓட்டத்தில் சிறுநீரகத்தின் நடுவில் இருக்கும், சிறுநீர் சேரும் பகுதி சற்று விரிந்து தெரிவது மிகச் சாதாரணம். நூறு கர்ப்பங்களில் ஒன்றிரண்டிலாவது இது ஸ்கேனில் தட்டுப்படும். முன்பின்னாக அளக்கும் விட்டம் இரண்டாவது மூன்று மாதத்தில் 4 மில்லிமீட்டரையும், கடைசி மூன்று மாதத்தில் 7 மில்லிமீட்டரையும் தொட்டால் “கவனிக்க வேண்டியது” என்று குறித்து வைப்பார்கள். இப்படிக் குறிக்கப்படுபவர்களில் பெரும்பாலான குழந்தைகளுக்குப் பிறந்த பிறகு ஓரிரு வருடத்துக்குள் வீக்கம் குறைந்துவிடுகிறது, அல்லது எந்தத் தொந்தரவும் தராமல் அப்படியே நின்றுவிடுகிறது.

பிறந்தவுடனே ஏன் ஸ்கேன் எடுக்கவில்லை என்று பல பெற்றோர் கோபப்படுவார்கள். முதல் இரண்டு நாள் குழந்தையின் உடம்பில் நீர் குறைவு, சிறுநீரும் கொஞ்சம்தான் வரும். அப்போது எடுத்தால் உண்மையான வீக்கம்கூடச் சின்னதாகத் தெரிந்து ஏமாற்றும். அதனால்தான் 48 மணி நேரம் கழித்து, பெரும்பாலும் முதல் வாரத்திலும் அப்புறம் ஒன்றரை மாத அளவிலும் எடுப்பார்கள். இரண்டு பக்கமும் வீக்கம், ஒரே ஒரு சிறுநீரகம், பனிக்குட நீர் குறைந்திருந்தது, சிறுநீர்ப்பைச் சுவர் தடித்திருந்தது என்றால் மட்டும் காத்திருக்க மாட்டார்கள்.

இங்கேதான் முக்கியமான விஷயம் வருகிறது. ஸ்கேன் காட்டுவது வீக்கத்தை மட்டும். வீங்கிய சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்துகொண்டும் இருக்கலாம், மெல்ல மெல்லத் தேய்ந்துகொண்டும் இருக்கலாம். படத்தைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. அதற்கு ஐசோடோப் ஸ்கேன் வேண்டும். கை நரம்பில் மிகச் சிறிய அளவு கதிரியக்க மருந்து செலுத்தி, இரண்டு சிறுநீரகமும் அதை எவ்வளவு வேகமாக எடுத்து வெளியே தள்ளுகின்றன என்று அளப்பார்கள். இடையில் சிறுநீரைப் பெருக்கும் ஊசி போட்டு, தேங்கி நிற்பது வடிகிறதா என்றும் பார்ப்பார்கள். மொத்த வேலையில் இரண்டும் கிட்டத்தட்ட ஆளுக்குப் பாதி செய்ய வேண்டும். வீங்கிய பக்கத்தின் பங்கு 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலோ, அடுத்தடுத்த சோதனைகளில் இறங்கிக்கொண்டே போனாலோ, வீக்கம் ஏறிக்கொண்டே போனாலோ, காய்ச்சலோடு தொற்று வந்தாலோ ஆபரேஷனைப் பற்றிப் பேசுவார்கள். பங்கு நன்றாக இருந்து வீக்கமும் நிலையாக இருந்தால், இப்போது கத்தி வைப்பதால் குழந்தைக்கு எந்த லாபமும் இல்லை. நாளைக்குத் தானாகச் சரியாகப்போகும் ஒன்றை இன்று வெட்டித் தைத்ததாகத்தான் முடியும்.

இந்தக் காத்திருப்பை யாரும் “ஒன்றும் செய்யாமல் விட்டுவிட்டார்கள்” என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். குறித்த தேதியில் ஸ்கேனுக்குப் போவதுதான் இங்கே சிகிச்சை. குழந்தை நன்றாகச் சிரித்து விளையாடுகிறதே என்று இரண்டு தடவை தள்ளிப்போட்டால் அந்தச் சிகிச்சை பாதியில் நின்றுவிட்டது என்று பொருள். ஒரு பக்கச் சிறுநீரகம் சத்தமே போடாமல் கெட்டுப்போகும். மற்றப் பக்கம் முழு வேலையையும் எடுத்துக்கொள்வதால் ரத்தப் பரிசோதனையில்கூட எதுவும் தெரியாது. நான் பெற்றோரிடம் மன்றாடிக் கேட்பது இந்த ஒன்றைத்தான்.

ஒருவேளை ஆபரேஷன் தேவைப்பட்டால் பயப்பட வேண்டாம். சிறுநீரகமும் சிறுநீர்க்குழாயும் சேரும் இடத்தில் இருக்கும் குறுகலான துண்டை வெட்டி எடுத்துவிட்டு, நல்ல பகுதிகளை அகலமாக இணைத்துத் தைப்பார்கள். ஆண்டர்சன், ஹைன்ஸ் என்ற இருவர் 1949இல் விவரித்த முறைதான் இன்றும் அடிப்படை. திறந்து செய்தாலும் துளை வழியாகச் செய்தாலும் நூற்றில் தொண்ணூறு பேருக்கு மேல் நன்றாக ஆகிவிடுகிறது. தையல் ஆறும்வரை உள்ளே ஒரு மெல்லிய ஸ்டென்ட் குழாயை வைத்து, பல இடங்களில் நான்கு முதல் ஆறு வாரம் கழித்து எடுப்பார்கள். எடுக்கும் தேதியைக் காலண்டரில் எழுதி வையுங்கள். மறந்துபோன ஸ்டென்ட் கல்லாகிப் பெரிய தொல்லையாகும்.

இதோடு ஒரு விஷயம். இந்த அடைப்பு பெரிய குழந்தைகளிடம் வேறு வேஷத்தில் வரும். எட்டு, பத்து வயதுப் பிள்ளைக்கு அவ்வப்போது வயிற்று வலியும் வாந்தியும் வரும், இரண்டு நாளில் போய்விடும். வயிற்றுக் கோளாறு என்று மாத்திரை கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தக்குழாய் ஒன்று குறுக்கே ஓடி அந்த இணைப்பை அழுத்துவதுதான் காரணமாக இருக்கும். வலி இல்லாத நாளில் எடுத்த ஸ்கேனில் வீக்கம் தெரியாமல் போகலாம், வலி இருக்கும்போதே எடுக்க வேண்டும்.

காத்திருக்கவே கூடாத சிறுநீரக வீக்கமும் உண்டு. ஆண் குழந்தைகளுக்கு மட்டும் வருவது. சிறுநீர் வெளியேறும் பாதையின் பின்பகுதியில் ஜவ்வு போன்ற மடிப்பு இருந்து வழியை மறிக்கும். சில ஆயிரம் ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு இருக்கும். இரண்டு சிறுநீரகமும் வீங்கியிருக்கும், சிறுநீர்ப்பை தடித்திருக்கும், சிறுநீர் பீய்ச்சாமல் சொட்டுச் சொட்டாக வரும். பிறந்த உடனே ட்யூப் போட்டு வடியவிட்டு, உடம்பின் உப்புகளைச் சீர்செய்து, அப்புறம் கேமரா பொருத்திய மெல்லிய குழாய்க் கருவியைச் சிறுநீர்ப் பாதைக்குள் விட்டு அந்த மடிப்பை வெட்டிவிடுவார்கள். வெட்டியதோடு கதை முடியாது. கருவிலேயே அழுத்தம் தாங்கிய சிறுநீர்ப்பையும் சிறுநீரகமும் அந்தப் பாதிப்பைப் பல வருடம் சுமக்கும், சிலருக்குப் பின்னாளில் சிறுநீரகம் செயலிழந்தும் போகும். இந்தக் குழந்தைகளை வாலிப வயதுவரை விடாமல் தொடர்ந்து பார்க்க வேண்டும். உங்கள் மகனுக்கு ஒரு பக்கம்தான் வீக்கம் என்பதால் இது இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. என்றாலும் அவன் சிறுநீர் கழிப்பதை ஒரு தடவை போனில் வீடியோ எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள். பத்து நிமிடம் பேசுவதைவிட அந்த வீடியோ அதிகம் சொல்லும்.

இனி விதை. கருவில் வயிற்றுக்குள் உருவாகும் விதை, கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் இடுப்பு வழியாகப் பைக்குள் இறங்குகிறது. நிறைமாதத்தில் பிறக்கும் ஆண் குழந்தைகளில் நூற்றுக்கு இரண்டு முதல் நான்கு பேருக்கு இது முடிந்திருக்காது. குறைமாதக் குழந்தைகளில் நூற்றுக்கு முப்பதுவரைகூடப் போகும். பிறந்த முதல் சில மாதங்களில் ஆண் ஹார்மோன் ஒரு தடவை நன்றாக ஏறி இறங்கும், அந்த வேகத்தில் பாதிக்கு மேல் தானாக இறங்கிவிடும். 6 மாதம் ஆன பிறகும் இறங்காதது (குறைமாதக் குழந்தை என்றால், பிறக்க வேண்டிய தேதியிலிருந்து எண்ண வேண்டும்) இனி இறங்குவது அபூர்வம். அதாவது, இயற்கை கொடுத்த அவகாசம் முடிந்துவிட்டது. இன்னொரு பக்கம் இழப்பு தொடங்குகிறது. பை உடம்பைவிட இரண்டு மூன்று டிகிரி குளிர்ச்சியாக இருக்கும், விதைக்கு அந்தக் குளிர்ச்சி வேண்டும். மேலேயே தங்கிவிட்டால் பிற்காலத்தில் விந்தணுவாக மாற வேண்டிய செல்கள் முதல் வயதிலேயே குறைய ஆரம்பிக்கின்றன. போனது திரும்பாது. அதனால்தான் 6 மாதத்துக்கும் 18 மாதத்துக்கும் நடுவில் செய்யச் சொல்கிறார்கள். ஐரோப்பிய வழிகாட்டுதல்கள் ஒரு வயதுக்குள் முடிப்பதையே விரும்புகின்றன.

புற்றுநோய்க் கேள்வியும் இதில் உண்டு. இறங்காத விதையில் பிற்காலத்தில் கட்டி வரும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல். சுவீடனில் இந்த ஆபரேஷன் செய்துகொண்ட ஆயிரக்கணக்கானவர்களை வைத்து 2007இல் வெளியான ஆய்வில், 13 வயதுக்குள் செய்தவர்களுக்கு அந்த வாய்ப்பு மற்ற ஆண்களைவிட இரண்டு மடங்குக்குச் சற்று மேலும், அதற்குப் பிறகு செய்தவர்களுக்கு ஐந்து மடங்குக்கு மேலும் இருந்தது. மடங்குக் கணக்கைப் பார்த்துக் கலங்க வேண்டாம், இந்தப் புற்றுநோயே அரிதானது, கிட்டத்தட்ட எல்லாருக்கும் குணமாவது. ஆனால் சீக்கிரம் செய்வதற்கு இதுவும் ஒரு காரணம். விதை பைக்குள் இருந்தால்தான் பெரியவனானதும் அவனே தொட்டுப் பார்த்து வித்தியாசம் தெரிந்துகொள்ள முடியும்.

ஆக, உங்கள் மகனின் சிறுநீரகத்துக்குக் காலம் துணை நிற்கிறது. விதைக்கு அது எதிராக ஓடுகிறது. இவ்வளவுதான் வித்தியாசம்.

ஆபரேஷனுக்கு முன் விதை எங்கே இருக்கிறது என்று பார்க்க ஸ்கேன் எழுதவில்லையே என்று யோசித்தீர்களா? தேவையில்லை என்பதால்தான் எழுதவில்லை. இறங்காத விதைகளில் பெரும்பாலானவை இடுப்பு மடிப்பில் கைக்குத் தட்டுப்படும். தட்டுப்படாததை ஸ்கேனும் நம்பகமாகக் காட்டாது. ஸ்கேனில் “காணோம்” என்று வந்தாலும் வயிற்றுக்குள் லேப்ராஸ்கோப் (சின்னத் துளை வழியாக நுழைக்கும் கேமரா குழாய்) விட்டுப் பார்த்தே தீர வேண்டும். அனுபவமுள்ள மருத்துவர் கையைச் சூடாக்கிக்கொண்டு, குழந்தை அழாமல் இருக்கும்போது பொறுமையாகத் தடவிப் பார்ப்பதுதான் இங்கே சிறந்த சோதனை. அப்படிப் பார்க்கும்போது சில குழந்தைகளுக்கு விதை கைக்கு வந்து பைக்குள் இறங்கி அங்கேயே நிற்கும், குளிர் பட்டால் மறுபடி மேலே ஓடும். அது நன்றாக இறங்கிய விதைதான், அந்த இடத்துத் தசை கொஞ்சம் சுறுசுறுப்பாக இருக்கிறது. அதற்கு ஆபரேஷன் வேண்டாம். ஆனால் வருடத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொள்ள வேண்டும், சிலருக்கு வளர வளர அது மேலேயே தங்கிவிடும். ஹார்மோன் ஊசி போட்டு இறக்கலாம் என்று யாராவது சொன்னால், அந்த முறை இப்போது பரிந்துரைக்கப்படுவதில்லை என்று தெரிந்துகொள்ளுங்கள். பலன் குறைவு.

பிறந்த குழந்தைக்கு இரண்டு பக்கமும் விதை கைக்கே தட்டுப்படவில்லை என்றால் மட்டும் கதை வேறு. வெளியே ஆண் குழந்தை போலத் தெரிந்தாலும், அட்ரினல் சுரப்பிக் கோளாறு உள்ள பெண் குழந்தையாக இருக்கலாம். அந்தக் கோளாறில் உடம்பு உப்பை இழந்து இரண்டாவது வாரத்துக்குள் உயிருக்கே ஆபத்து வரலாம். “ஆறு மாதம் பார்ப்போம்” என்ற விதி இதற்குப் பொருந்தாது. வீட்டுக்கு அனுப்பும் முன்பே ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

பையில் நீர் கோத்துப் பெரிதாகத் தெரியும் ஹைட்ரோசீல் பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு வயதுக்குள் தானாக வற்றிவிடும். குடலிறக்கம் அப்படி இல்லை, கண்டுபிடித்ததும் சீக்கிரம் தைத்துவிட வேண்டும். குடல் சிக்கிக்கொள்ளும் ஆபத்து சின்னக் குழந்தைக்குத்தான் அதிகம். வீக்கம் கெட்டியாகி, உள்ளே போகாமல், குழந்தை வாந்தி எடுத்தால் அன்றைக்கே மருத்துவமனை.

முன்தோல் பற்றிப் பெற்றோர் கேட்காத நாளே இல்லை. பிறக்கும்போது அது பின்னால் போகாது. போகவும் கூடாது. உள்ளே மொட்டோடு ஒட்டியிருக்கும், வருடங்கள் போகப் போகத் தானாகப் பிரியும். சிலருக்குப் பருவ வயதில்தான் முழுதாகப் பிரியும், அதுவும் இயல்புதான். சிறுநீர் கழிக்கும்போது முன்தோல் பலூன் மாதிரி உப்புவதும், தோலுக்கடியில் வெள்ளையாகச் சின்னச் சின்ன உருண்டைகள் தெரிவதும் நோய் அல்ல. குளிப்பாட்டும்போது பலவந்தமாக இழுத்துச் சுத்தம் செய்வதுதான் கெடுதல். இழுக்கும்போது வெடித்து ரத்தம் வரும், அந்த இடம் தழும்பாகி நிஜமாகவே இறுகிப்போகும். இல்லாத நோயை நாமே உண்டாக்கிக் கொடுத்ததாகிவிடும். பெரிய பையனுக்கும் திறக்காமல் தொந்தரவு கொடுத்தால் முதலில் ஸ்டீராய்டு களிம்பு. நான்கு முதல் எட்டு வாரம் ஒழுங்காகத் தடவினால் பெரும்பாலானவர்களுக்குத் திறந்துகொள்ளும். நுனி வெள்ளையாக, தழும்பு போல விறைத்திருந்தால் களிம்பு பெரும்பாலும் போதாது, அது தோல் நோய், முன்தோலை அகற்ற வேண்டியிருக்கும்.

இதிலும் ஒரு எச்சரிக்கை. சிறுநீர்த் துவாரம் நுனியில் இல்லாமல் கீழ்ப்பக்கம் இருக்கும் குறைபாடு ஏறக்குறைய 200 முதல் 300 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு உண்டு. அந்தக் குழந்தைக்குச் சுன்னத் செய்யவே கூடாது. பாதையைச் சரிசெய்யும் ஆபரேஷனுக்கு அந்த முன்தோல்தான் தேவைப்படும் திசு. இதையும் 6 முதல் 18 மாதத்துக்குள் செய்வது வழக்கம். அந்த வயதில் குழந்தைக்கு நினைவில் நிற்காது, டயப்பரோடு ட்யூபைச் சமாளிப்பதும் எளிது. நுனிக்கு அருகில் துவாரம் இருந்து, சிறுநீர் நேராகப் போய், வளைவும் இல்லை என்றால் செய்யாமல் விடுவதும் ஒரு நல்ல முடிவுதான். தையல் வழியாகச் சிறுநீர் கசிவது போன்ற சிக்கல்கள் நல்ல கையிலும் வரும், இரண்டாவது ஆபரேஷன் தேவைப்படலாம். இதை முன்கூட்டியே சொல்லாத மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள்.

அடுத்து சிறுநீர்த் தொற்று. சிறுநீரக வீக்கம் உள்ள குழந்தைக்கு இது பெரிய விஷயம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இரண்டு வயதுக்குள் சளி, இருமல் என்று எந்தக் காரணமும் தெரியாமல் காய்ச்சல் வந்தால் சிறுநீரைச் சோதிக்க வேண்டும். சோதிப்பது ஆன்டிபயாடிக் கொடுப்பதற்கு முன்னால். ஒரு வேளை மருந்து உள்ளே போனாலே கல்ச்சரில், அதாவது கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில், கிருமி வளராமல் போகலாம், அப்புறம் அது தொற்றா இல்லையா என்று யாராலும் சொல்ல முடியாது. எப்படிப் பிடிக்கிறோம் என்பதும் முக்கியம். ஒட்டும் பையில் பிடித்த சிறுநீர் சுத்தமாக வந்தால் நம்பலாம். அதில் கிருமி வந்தால் நம்ப முடியாது, தோலில் இருந்த கிருமியாக இருக்கலாம். சந்தேகம் வலுவாக இருந்தால் மெல்லிய ட்யூப் போட்டு எடுப்பது குழந்தைக்கு அரை நிமிடத் தொந்தரவு, ஆனால் பதில் தெளிவாக இருக்கும். ஈரமான குளிர்ந்த துணியால் அடிவயிற்றில் வட்டமாகத் தடவிக்கொண்டே இருந்தால் பல குழந்தைகள் சில நிமிடத்தில் சிறுநீர் கழித்துவிடும். அதைச் சுத்தமான பாட்டிலில் நேராகப் பிடிக்கலாம். தப்பான ஒரு ரிப்போர்ட்டை வைத்து மாதக்கணக்கில் மருந்து தின்னும் குழந்தைகளைப் பார்க்கும்போது மனசு கஷ்டமாக இருக்கும்.

தொற்று வரும் குழந்தைகளில் சிலருக்குச் சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீர் மேலே சிறுநீரகத்துக்கே திரும்பிப் போகும். காய்ச்சலோடு தொற்று வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு இது இருக்கலாம். இதை ஐந்து படிகளாகப் பிரிக்கிறார்கள். கீழ்ப் படிகளில் உள்ளவை பெரும்பாலும் வளர வளர மறைந்துவிடும். முன்பெல்லாம் முதல் தொற்று வந்ததுமே எல்லாக் குழந்தைக்கும் ட்யூப் வழியாகச் சாயம் ஏற்றி எக்ஸ்ரே எடுத்தார்கள். இப்போது அல்ட்ராசவுண்டில் கோளாறு தெரிந்தாலோ, தொற்று திரும்ப வந்தாலோ, வழக்கமில்லாத கிருமி வந்தாலோதான் எடுக்கிறார்கள். தினமும் இரவில் சிறிய அளவில் ஆன்டிபயாடிக் கொடுத்துத் தடுப்பது பற்றி அமெரிக்காவில் 607 குழந்தைகளை இரண்டு வருடம் கவனித்து 2014இல் முடிவை வெளியிட்டார்கள். தொற்று திரும்புவது பாதியாகக் குறைந்தது. ஆனால் சிறுநீரகத்தில் தழும்பு விழுவதில் வித்தியாசம் இல்லை. மருந்துக்கு மசியாத கிருமிகளும் கூடின. ஆகவே யாருக்குக் கொடுப்பது என்பதை ஒவ்வொரு குழந்தையாகப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும். ஒரு நிபுணர் கொடுக்கிறார், இன்னொருவர் வேண்டாம் என்கிறார் என்றால் இருவரில் ஒருவர் தப்பு என்று பொருளில்லை.

இந்த எல்லா மருந்தையும்விட அடிக்கடி பலன் தரும் ஒன்றை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை: மலச்சிக்கலைச் சரிசெய்வது. நிறைந்த மலக்குடல் சிறுநீர்ப்பையை அழுத்தும், முழுதாகக் காலியாக விடாது, மீதி நின்ற சிறுநீரில் கிருமி வளரும். பள்ளிக்கூடக் கழிப்பறைக்குப் போகப் பிடிக்காமல் நாள் முழுக்க அடக்கிவைக்கும் பிள்ளைகளுக்குத் தொற்று, ஜட்டி நனைவது, வயிற்று வலி எல்லாம் சேர்ந்தே வரும். தினமும் இளக்கமாக மலம் போகவைத்து, இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை அவசரமில்லாமல் உட்கார்ந்து சிறுநீர் கழிக்கப் பழக்கினாலே பாதிப் பேருக்கு மேல் வேறு சிகிச்சையே கேட்காது. கால் தொங்காமல் பலகையில் ஊன்றியிருக்க வேண்டும். மருத்துவர் மலத்தைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டால் எரிச்சல்படாதீர்கள், அவர் சரியான இடத்தில் தேடுகிறார்.

படுக்கையை நனைப்பதும் இந்தத் துறைக்குத்தான் வரும். 5 வயதில் நூற்றில் பதினைந்து பேர் நனைப்பார்கள், ஒவ்வொரு வருடமும் அவர்களில் ஏழில் ஒருவருக்குத் தானாக நின்றுவிடும். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ சின்ன வயதில் இருந்திருந்தால் பிள்ளைக்கும் வர வாய்ப்பு அதிகம். இப்படி நனைப்பது தூக்கத்தில் தன்னை அறியாமல் நேர்வது, பிள்ளையின் கையில் இல்லை. திட்டுவதும் அடிப்பதும் மற்றவர்கள் முன்னால் சொல்லிக்காட்டுவதும் கொடுமை. அதனால் ஒரு இரவுகூடக் காயாது. ஈரம் பட்டதும் ஒலிக்கும் அலாரம் இரண்டு மூன்று மாதம் பொறுமையாகப் போட்டால் நல்ல பலன் தரும். டெஸ்மோபிரெசின் மாத்திரை அந்த இரவுக்கு மட்டும் சிறுநீரைக் குறைக்கும். அதைப் போட்ட பிறகு நிறையத் தண்ணீர் குடித்தால் ரத்தத்தில் உப்பு ஆபத்தாகக் குறையும் என்பதை மறக்கக் கூடாது. ஆறு மாதத்துக்கு மேல் நனைக்காமல் இருந்த பிள்ளை திடீரென்று ஆரம்பித்தால் சர்க்கரை நோய், தொற்று, மன அழுத்தம் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். ஒரு பெண் குழந்தை ஒழுங்காகக் கழிப்பறை போகிறாள், ஆனாலும் இரவும் பகலும் எப்போதும் சொட்டுச் சொட்டாக ஈரம் இருந்துகொண்டே இருக்கிறது என்றால் அது பழக்கக் கோளாறே இல்லை. சிறுநீர்க்குழாய் ஒன்று தவறான இடத்தில் திறந்திருக்கலாம். ஆபரேஷனில் முழுதாகக் குணமாகும், பல வருடம் திட்டு வாங்கிய பிறகுதான் பெரும்பாலும் கண்டுபிடிக்கிறார்கள். இடுப்புக்குக் கீழே முதுகில் முடிக்கற்றையோ ஆழமான குழியோ இருந்தால் தண்டுவடத்தையும் பார்க்க வேண்டும்.

மணிக்கணக்கு என்று சொன்னேனே, அது விதை முறுக்கிக்கொள்வது. பருவ வயதுப் பையன்களுக்குத்தான் அதிகம், ஆனால் எந்த வயதிலும் வரலாம். திடீரென்று ஒரு பக்கம் கடும் வலி, வாந்தி, விதை மேலே ஏறியது போலத் தெரியும். ரத்த ஓட்டம் நின்றுவிடுகிறது. 6 மணி நேரத்துக்குள் திறந்து முறுக்கை எடுத்தால் பத்தில் ஒன்பது விதைகளைக் காப்பாற்றலாம், நேரம் போகப் போக அது வேகமாகச் சரிந்து ஒரு நாள் கழிந்தால் பெரும்பாலும் எடுத்துவிட வேண்டியதுதான். அறிகுறி தெளிவாக இருந்தால் ஸ்கேனுக்குக்கூடக் காத்திருக்காமல் ஆபரேஷன் அறைக்குக் கொண்டுபோவார்கள். மறுபக்க விதையையும் அதே சமயம் தைத்து நிறுத்துவார்கள், அமைப்புக் கோளாறு பெரும்பாலும் இரண்டு பக்கமும் இருக்கும். பையன்கள் வெட்கப்பட்டு “வயிறு வலிக்கிறது” என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துக்கொள்வார்கள். அங்கே வலித்தால் நடு ராத்திரி என்றாலும் எழுப்பிச் சொல்ல வேண்டும் என்று பத்து வயதிலேயே சொல்லி வையுங்கள். அடிவயிற்று வலி என்று வரும் பையனின் ஜட்டியைக் கழற்றிப் பார்க்காத பரிசோதனை முழுமையான பரிசோதனை ஆகாது. இறங்காத விதையும் முறுக்கிக்கொள்ளலாம், உங்கள் மகனின் இடுப்பு மடிப்பில் திடீரென்று வீக்கமும் விடாத அழுகையும் வந்தால் இதே அவசரம்தான்.

மயக்க மருந்து பற்றிய பயம் உங்கள் கேள்வியில் நேரடியாக இல்லாவிட்டாலும் கட்டாயம் மனதில் இருக்கும். கைக்குழந்தைக்கு மயக்கம் கொடுத்தால் மூளை வளர்ச்சி பாதிக்குமா என்று பல நாடுகளில் சேர்ந்து ஆராய்ந்தார்கள். குடலிறக்க ஆபரேஷன் செய்த குழந்தைகளில் ஒரு பாதிக்கு முழு மயக்கம், மறுபாதிக்கு விழித்த நிலையிலேயே உடம்பின் கீழ்ப்பகுதியை மரத்துப்போகச் செய்யும் ஊசி. 5 வயதில் சோதித்தபோது இரு பக்கத்துக்கும் அறிவுத்திறனில் வித்தியாசம் இல்லை என்று 2019இல் வெளியிட்டார்கள். அந்த மயக்கம் சராசரியாக ஒரு மணி நேரத்துக்குள்தான். இடுப்பில் தட்டுப்படும் விதையை இறக்கும் ஆபரேஷனும் பெரும்பாலும் அந்த நேரத்துக்குள் முடிந்து, பல இடங்களில் அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். குழந்தைகளுக்கு மயக்கம் கொடுத்துப் பழகிய மயக்கவியல் மருத்துவர் இருக்கிறாரா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்கு அது மருத்துவமனையின் பெயரைவிட முக்கியமாகத் தெரிகிறது.

அடுத்த தடவை போகும்போது எல்லா ஸ்கேன் ரிப்போர்ட்டையும் தேதி வரிசைப்படி எடுத்துப் போங்கள், ஒரே ரிப்போர்ட்டைவிட மாற்றம்தான் அவருக்கு வேண்டும். இடது சிறுநீரகத்தின் பங்கு எத்தனை சதவீதம், எந்த எண்ணுக்குக் கீழே போனால் ஆபரேஷன் என்று நினைக்கிறீர்கள், அடுத்த ஐசோடோப் ஸ்கேன் எப்போது என்று நேராகக் கேளுங்கள். வலது விதை கைக்குத் தட்டுப்படுகிறதா என்பதையும் கேளுங்கள். தட்டுப்பட்டால் இடுப்பில் சின்ன வெட்டு, இல்லாவிட்டால் லேப்ராஸ்கோப். ஆபரேஷன் ஆனதும் ஆறு மாதம் கழித்தும் ஒரு வருடம் கழித்தும் விதை பையிலேயே இருக்கிறதா, வளர்கிறதா என்று காட்ட வேண்டியிருக்கும். இடையில் எப்போது 38 டிகிரி செல்சியஸுக்கு மேல் காய்ச்சல் வந்தாலும், பார்க்கும் மருத்துவர் யாராக இருந்தாலும், “இவனுக்கு ஒரு சிறுநீரகத்தில் வீக்கம் இருக்கிறது, மருந்துக்கு முன்னால் சிறுநீரைக் கல்ச்சருக்கு அனுப்புங்கள்” என்று முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.